யஃகூப் நபியின் கவலையும் நம் வீட்டுத் தேர்வு முடிவும்

 

 

மே, ஜூன் மாதங்கள் வந்துவிட்டால் நம் வீடுகளில் பேச்சே மாறிவிடுகின்றது. பிளஸ் டூ முடிவு, நீட் முடிவு, தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு! நன்றாகப் படிக்காத பிள்ளையைப் பற்றிய கவலையை நாம் பல குத்பாக்களில் பேசியிருக்கின்றோம். இன்று பேச இருப்பது மிக நன்றாகப் படிக்கின்ற பிள்ளையைப் பற்றி. "அவனுக்கென்ன, அவன் எப்போதும் முதல் மாணவன்" என்று நாம் நிம்மதியாக விட்டுவிடுகின்ற பிள்ளையைப் பற்றி. பள்ளி முழுவதும் முதலிடத்தில் இருந்த அந்தப் பிள்ளை, வாழ்வில் முதன்முறையாகத் தன்னைப் போன்ற பல இலட்சம் முதல் மாணவர்களுக்கு நடுவே நிற்கின்ற காலம் இது.

பேசும் தகுதி எனக்கு இருக்கின்றதா என்று சில நாட்களாக யோசித்தேன். இந்த விஷயத்தில் நானே ஒரு தவறு செய்தவன். அதை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை பிளஸ் டூவில் 600க்கு 589 மதிப்பெண் பெற்றாள். அவளுடைய வாப்பா கண்ணீரும் சிரிப்புமாக வந்து சொன்னார். அன்று ஜும்ஆவில் இதே ஒலிபெருக்கியில் அவள் பெயரையும் மதிப்பெண்ணையும் அறிவித்தேன். அதோடு நின்றிருக்கலாம். "நம் மஹல்லாவின் முதல் பெண் மருத்துவர் வரப் போகின்றார், துஆச் செய்யுங்கள்" என்றும் சேர்த்துச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் ஆமீன் சொன்னீர்கள். மறுநாளிலிருந்து தெருவில் அவளுக்கு "டாக்டரம்மா" என்றே பெயராகிவிட்டது. கடைக்காரர் அப்படி அழைத்தார், சாச்சிமார்கள் அப்படி அழைத்தார்கள், ஓதவரும் சிறு பிள்ளைகளும் அப்படி அழைத்தார்கள்.

நீட் முடிவு வந்தது. நல்ல மதிப்பெண்தான், ஆனால் இடம் கிடைக்கும் அளவுக்கு இல்லை. இரண்டு மாதம் கழித்து ஓர் அஸருக்குப் பிறகு அந்தத் தகப்பனார் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஹள்ரத், பிள்ளை வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். யாராவது டாக்டரம்மா என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறாள்" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அன்பினால் சொன்ன சொல், ஒரு பிள்ளைக்குத் தன் சொந்தத் தெருவையே அடைத்துவிட்டது.

அன்றிரவு சூரா யூஸுஃபை எடுத்து ஓதினேன். எத்தனையோ முறை ஓதிய சூராதான். அன்றுதான் அதன் தொடக்கம் என்னைக் குத்தியது.

யூஸுஃப் (அலை) சிறுவராக இருக்கின்றார்கள். பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தமக்குப் பணிவதாகக் கனவு கண்டு, ஓடோடி வந்து தந்தையிடம் சொல்கின்றார்கள். யஃகூப் (அலை) நபியாவார்கள்; அந்தக் கனவின் மேன்மை அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் முதலில் அவர்கள் செய்தது என்ன? இதை உன் சகோதரர்களிடம் சொல்லாதே என்று மகனைத் தடுத்தார்கள் (12:5). அதன் பிறகே கனவின் நற்செய்தியைச் சொன்னார்கள். தம் மகனுக்கு வரவிருக்கும் சிறப்பு அல்லாஹ்வின் வாக்காகவே தெரிந்த நிலையிலும், அதை ஊரறியப் பரப்பவில்லை. நானோ, வெறும் ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு ஊருக்கே அறிவித்தேன்.

சகோதரர்களே, பிள்ளையின் கனவு பிள்ளையின் அமானிதம். அதை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், கலியாண வீட்டுப் பந்தியில் பேசுவதற்கு முன், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நாம் எவ்வளவு பேரிடம் சொல்லி வைக்கின்றோமோ, முடிவு சறுக்கினால் அத்தனை பேருடைய முகத்தையும் பார்க்க வேண்டியவர் நாமல்லர், பதினேழு வயதுப் பிள்ளை. தமிழக அரசே 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. பள்ளிவாசலில் நாம் அதைத் தொடர்ந்துகொண்டிருந்தோம்!

இனி, இந்தப் போட்டியின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். மிம்பரில் கணக்கா என்று எண்ண வேண்டாம். இந்தக் கணக்குத் தெரியாததால்தான் பல வீடுகளில் பிள்ளைக்கு அநியாயம் நடக்கின்றது.

2025ஆம் ஆண்டு நீட் எழுதியவர்கள் 22 இலட்சத்துக்கும் மேல். நாடு முழுவதிலும் அந்தத் தேர்வு நடந்த வேளையில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1,18,000. அவற்றிலும் சுமார் பாதிதான் அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. நம்மைப் போன்றோர் கட்டணம் கட்டிப் படிக்கத்தக்கவை. மொத்த இடங்களையும் சேர்த்துப் பார்த்தாலும் பதினெட்டு, பத்தொன்பது பேருக்கு ஓர் இடம். அப்படியானால் மற்ற பதினேழு பேரும் படிக்காதவர்களா? சோம்பேறிகளா? தொழுகையை விட்டவர்களா? இல்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் ஏறலாம், ஆயிரம் பேர் நிற்கின்றார்கள் என்றால், நின்றுவிட்ட 950 பேரையும் பார்த்து "உனக்கு ஓடத் தெரியவில்லை" என்று யாராவது ஏசுவார்களா?

இன்னொன்று. மதிப்பெண் என்பதே ஆண்டுக்கு ஆண்டு பொருள் மாறுவது. 2024இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தனர். வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண் என்று அந்த ஆண்டு எழுந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை சென்றதும், பின்னர் முடிவு திருத்தப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு 2025இல் இயற்பியல் கடினமாக அமைந்தது. இந்தியாவிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. ஆகவே "உன் அண்ணன் அத்தனை வாங்கினான், நீ ஏன் இத்தனை?" என்ற கேள்வி மனத்தைப் புண்படுத்துவது மட்டுமன்று, கணக்கிலும் பிழையானது.

"தகுதி பெற்றுவிட்டார்" என்ற சொல்லையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். 2025இல் 12 இலட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றனர். தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதி. இடம் என்பது வேறு. தகுதி பெற்றவுடன் மிட்டாய் வழங்கிவிட்டு, கலந்தாய்வில் பெயர் வரவில்லை என்றதும் பிள்ளையைக் குற்றவாளி போலப் பார்க்கின்ற வீடுகளை நான் அறிவேன்.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகின்றேன். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உள்ளது. சாதிச் சான்றிதழில் பெயர் ஓரெழுத்து மாறியிருப்பதைக் கலந்தாய்வுக்கு முந்தைய வாரத்தில் கண்டுபிடித்துத் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகின்ற வேலையைப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். அது பெற்றோரின் வேலை. பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்து வைக்க வேண்டிய வேலை.

மீண்டும் யஃகூப் நபியிடம் வருவோம். பல ஆண்டுகள் கழித்து, பஞ்ச காலத்தில், அவர்கள் தம் பிள்ளைகளை மிஸ்ருக்கு அனுப்புகின்றார்கள். புறப்படும் நேரத்தில் ஓர் அறிவுரை கூறுகின்றார்கள்: எல்லோரும் ஒரே வாசல் வழியாக உள்ளே செல்ல வேண்டாம், வெவ்வேறு வாசல்கள் வழியாகச் செல்லுங்கள் என்று (12:67). பதினொரு ஆண்மக்கள் ஒன்றாகச் சென்றால் கண்ணேறு படும் என்று தந்தை அஞ்சியதாக விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். ஆனால் அதே மூச்சில் அவர்கள், அல்லாஹ்வின் தீர்ப்பிலிருந்து எதையும் என்னால் உங்களுக்குத் தடுத்துவிட முடியாது, அவன்மீதே பொறுப்புச் சாட்டினேன் என்றும் சொன்னார்கள். அடுத்த வசனத்தில் அல்லாஹ் என்ன கூறுகின்றான் தெரியுமா? அந்த ஏற்பாடு அல்லாஹ்வின் விதியில் எதையும் மாற்றிவிடவில்லை. அது யஃகூபின் உள்ளத்தில் இருந்த ஒரு தேவை, அதை அவர் நிறைவேற்றிக்கொண்டார் என்கின்றான்.

பெற்றோர்களே, இதைவிட நம் நிலையை அழகாக யார் சொல்ல முடியும்? நாம் அலைவது, விசாரிப்பது, பயிற்சி மையம் தேடுவது எல்லாம் நம் உள்ளத்தின் தேவைதான். அதைச் செய்ய வேண்டும், நபியே செய்தார்கள். ஆனால் அதனால்தான் முடிவு வருகின்றது என்று நம்பிவிடக் கூடாது. நம்பினால், முடிவு வராதபோது கோபம் பிள்ளையின் மீது பாயும்.

நாம் செய்கின்ற பெரிய பிழை, ஒரே வாசலில் பிள்ளையை நிறுத்திவிட்டு மற்ற வாசல்களையெல்லாம் நாமே பூட்டுவது. நன்றாகப் படிக்கின்ற பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். அல்லது ஐ.ஐ.டி., இரண்டும் இல்லையென்றால் "வீண்" என்று ஆக்கிவிட்டோம். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007ஆம் ஆண்டு முதல் மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ கணிதத்தை 100க்கும், இயற்பியல், வேதியியலைத் தலா 50க்கும் கணக்கிட்டு 200க்குக் கட்-ஆஃப் போடுகின்றார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களும் 2025 வரை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே நிரப்பப்பட்டன. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடக்கின்றது. சட்டம் இருக்கின்றது, புள்ளியியல் இருக்கின்றது, ஆசிரியப் பணி இருக்கின்றது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்த விண்ணப்பங்களைத் தேர்வு முடிவுக்கு முன்பே போட்டு வையுங்கள். முடிவு வந்த பிறகு போட்டால் பிள்ளைக்கு அது தோல்வியின் கழிவாகத் தெரியும். முன்பே, முகமலர்ச்சியோடு, "இதுவும் உனக்குப் பிடிக்கலாம், பார்" என்று போட்டால் அது ஒரு வாசலாகத் தெரியும்.

வாசலைத் தேர்ந்தெடுப்பதில் பிள்ளையைக் கேட்டீர்களா என்பதும் முக்கியம். இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு வந்தது வஹீ; மறுபேச்சுக்கே இடமில்லாத கட்டளை. அப்படியிருந்தும் மகன் இஸ்மாயீல் (அலை) அவர்களிடம் கனவைச் சொல்லிவிட்டு, இதில் உன் கருத்து என்ன, யோசித்துச் சொல் என்று கேட்டார்கள் (37:102). வஹீ பெற்ற தந்தை மகனிடம் கருத்துக் கேட்கின்றார். வஹீ பெறாத நாம் கேட்பதில்லை. "வாப்பா கஷ்டப்பட்டு சவூதியில் சம்பாதிப்பது உனக்காகத்தானே" என்ற ஒரே வாக்கியத்தால் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றோம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும் இந்த இதழ் வருகின்றது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரவு வீட்டுக்குப் பேசும்போது முதல் கேள்வியாக "மாதிரித் தேர்வில் எத்தனை?" என்று கேட்காதீர்கள். இரண்டாண்டுகளில் அறுநூறு, எழுநூறு முறை அந்தக் கேள்வி வந்தால், தன் வாப்பாவுக்குத் தன்னிடம் வேண்டியது அந்த எண் மட்டும்தான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களின் வீட்டுக்கு வந்தால், அவருடைய சின்னத் தம்பி அபூ உமைரிடம் அவர் வளர்த்த சிறு குருவியைப் பற்றிக் கேட்பார்கள். அந்தக் குருவி இறந்து அவர் வாடியிருந்தபோதும் அதைப் பற்றியே பரிவாகக் கேட்டார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகின்றது. உலகத்துக்கே தூதராக வந்தவர்களுக்கு ஒரு சிறுவனின் குருவி நினைவிருந்தது! உங்கள் பிள்ளையின் குருவி எது என்று உங்களுக்குத் தெரியுமா?

பாராட்டுவதிலும் நமக்குக் கவனம் தேவை. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் மியூலர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினர். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்துச் சறுக்கச் செய்தனர். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகளே அதிகம் துவண்டுபோயினர். அதன்பின் முன்பு செய்ததையும்விடக் குறைவாகச் செய்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் மேலும் முயன்றனர். பிறந்ததிலிருந்து "அறிவாளிப் பிள்ளை" என்றே கேட்டு வளர்ந்தவருக்கு, ஒரு குறைந்த மதிப்பெண் என்பது "நான் அறிவாளி இல்லை போலும்" என்ற தீர்ப்பாகவே விழுகின்றது. நன்றாகப் படிக்கும் பிள்ளை ஏன் எளிதில் உடைகின்றது என்பதற்கு இது ஒரு காரணம்.

படிப்புக் காலத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கின்றேன். பதின்ம வயதினருக்கு இரவில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கின்றனர். படித்தது மனத்தில் பதிவதற்கும் உறக்கம் தேவை. இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோர் இருக்கின்றார்கள். பிறகு சுபுஹுக்குப் பிள்ளை எழவில்லை என்று வருந்துகின்றார்கள். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை வெறுத்து முன்னேரம் உறங்கிய நபியின் உம்மத் நாம். வீட்டில் தொலைக்காட்சியையும் அலைபேசியையும் பெரியவர்கள் முதலில் அணைத்தால் பிள்ளைக்கும் தூக்கம் வரும்.

இனி, முடிவு வருகின்ற நாள். அந்த நாளில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தைப் பிள்ளை நாற்பது வயதிலும் மறக்காது. அதனால் அதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எண் குறைவாக வந்திருந்தால், "பரவாயில்லை, அடுத்த வருடம்" என்றுகூட உடனே சொல்லாதீர்கள். அது ஆறுதல் போலத் தோன்றும். ஆனால் பிள்ளையின் காதில் "இன்னொரு வருடம் இதே சிறை" என்று விழும். அருகில் உட்காருங்கள். அழுதால் அழ விடுங்கள். தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. உள்ளம் வருந்துகின்றது என்று வாய்விட்டே சொன்னார்கள். யஃகூப் (அலை) அழுது அழுது கண்கள் வெளுத்துப் போயின (12:84). அழுவது ஈமான் குறைவு என்று நபிமார்கள் வாழ்வைப் படித்த எவரும் சொல்ல மாட்டார்.

"அப்போதே சொன்னேனே, அந்த மையத்தில் சேர்ந்திருந்தால்..." என்ற பேச்சு அன்று வேண்டாம். அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று சொல்லாதீர்கள், அது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் வருகின்றது. அதே ஹதீஸின் முற்பகுதியில், உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, சோர்ந்துவிடாதே என்றும் வருகின்றது. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களிடம் ஒருமுறைகூட, இதை ஏன் செய்தாய், இதை ஏன் செய்யவில்லை என்று நபியவர்கள் கேட்டதில்லை. பத்தாண்டு வேண்டாம், பத்து நாட்கள் நாம் அப்படி இருந்து பார்ப்போமே!

மறுமுறை எழுதுவதா என்பதை ஒரு வாரமாவது கழித்து, பிள்ளை தானாகப் பேசும்போது பேசுங்கள். சிலருக்கு இன்னோர் ஆண்டு உண்மையிலேயே பலன் தரும். சிலருக்கு அது உடலையும் மனத்தையும் கெடுத்துவிடும். எத்தனை மதிப்பெண் தேவை, எத்தனை குறைகின்றது, அந்த இடைவெளி ஓராண்டில் நிரம்பக்கூடியதா, எத்தனை முறையோடு நிறுத்துவது என்பதையெல்லாம் முதலிலேயே தாளில் எழுதிப் பேசி முடிவெடுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கி இடம் பிடிக்க வேண்டாம். "சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் நகையை விற்றுக் கொடுத்து ஏமாந்த வீடுகள் உண்டு. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்றால், திரும்பி வந்து இங்கே பணிபுரியத் தனித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். பல அமர்வுகளில் எழுதியோரில் பாதிப்பேர்கூட அதில் தேறவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இஸ்திகாரா தொழச் சொல்கின்றோம். அந்தத் துஆவின் கடைசிப் பகுதியைப் பிள்ளைக்கு விளக்குகின்றோமா? இது எனக்கு நன்மையில்லை என்றால் இதை என்னைவிட்டு அகற்று, என்னையும் இதைவிட்டு அகற்று, நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதி, அதில் என்னைத் திருப்தியடையச் செய் என்று அதில் கேட்கின்றோம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்றால் துஆ ஏற்கப்படவில்லை என்று பிள்ளை நினைத்து அல்லாஹ்விடமே மனம் கசந்து போகின்றது. அது ஏற்கப்பட்ட விதமே அப்படி இருக்கலாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

சகோதரர்களே, இப்போது சொல்லப் போவது கனமான விஷயம். தாய்மார்களும் கவனமாகக் கேளுங்கள். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. ஒவ்வொருவருக்கும் பின்னே பல காரணங்கள் இருந்திருக்கும். தேர்வு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முஸ்லிம் வீடுகளில் இது நடக்காது என்று எண்ணி நாம் கண்ணை மூடிக்கொள்கின்றோம். பிள்ளை உறங்கவில்லை, உண்ணவில்லை, நண்பர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டது, தனக்குப் பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கின்றது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்பது போல் பேசுகின்றது என்றால், அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். நேரடியாகவே கேளுங்கள்: "வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா, கண்ணே?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது என்று மனநல மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கின்றனர். கேட்க ஆளில்லாமல் போவதுதான் ஆபத்து.

பிள்ளை "ஆம்" என்று சொல்லிவிட்டால்? அந்த நேரத்தில் நரகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். இதை ஓர் ஆலிமாக நின்றே சொல்கின்றேன். உயிர் அல்லாஹ்வின் அமானிதம் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மர்யம் (அலை) பிரசவ வேதனையிலும் அவமான அச்சத்திலும், இதற்கு முன்பே நான் இறந்து போயிருக்கக் கூடாதா என்று கதறினார்கள் (19:23). அந்தக் கதறலுக்கு வந்த பதில் என்ன? கண்டனம் வரவில்லை. கவலைப்படாதே, உன் காலடியில் நீரோடை இருக்கின்றது, பேரீச்ச மரத்தை உலுக்கு, பழம் விழும், உண்டு பருகிக் கண் குளிர்ந்திரு என்றே பதில் வந்தது. அதோடு, மக்களைக் கண்டால் இன்று பேசுவதில்லை என்று நோன்பு நேர்ந்திருப்பதாகத் தெரிவித்துவிடு என்றும் கட்டளை வந்தது. ஊராருக்கு விளக்கம் சொல்லும் சுமையைக்கூட அல்லாஹ் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து இறக்கி வைத்தான்! நாமும் அதையே செய்வோம். தண்ணீர் கொடுங்கள், சோறு ஊட்டுங்கள், தனியே விடாதீர்கள், உறவினர் தொலைபேசியை நீங்கள் எடுத்துப் பதில் சொல்லுங்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையம் இரவு பகலாக இயங்குகின்றது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. காய்ச்சலுக்கு ஊசி போடுவது தவக்குலுக்கு மாற்றமில்லை என்றால், மனம் நொந்தவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் மாற்றமில்லை.

ஜமாஅத்தாக நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. 2018இல் கேரளத்தின் ஆலுவாவில், நீட் எழுத வந்த பிள்ளைகளின் பெற்றோர் வெயிலில் நிற்பதைப் பார்த்து ஒரு ஜும்ஆப் பள்ளி தன் கதவைத் திறந்து அனைத்துச் சமயத்தாரையும் உள்ளே அமரச் செய்தது. நம் ஊர்த் தேர்வு மையத்துக்கு அருகிலுள்ள பள்ளிகளும் நிழலும் தண்ணீரும் தந்து அப்படிச் செய்யலாம். ஹிஜாப் அணிந்து செல்லும் பெண் பிள்ளைகள் சோதனைக்காக முன்னதாகவே வர வேண்டும் என்று தேர்வு அறிவிப்பில் சொல்லப்படுகின்றது. அதை வீடு வீடாக நினைவூட்டலாம். இவற்றை நிர்வாகிகளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

இறுதியாக, அந்தப் பெண் பிள்ளையைப் பற்றி. சென்ற ரமளானில் அவளுடைய வாப்பா மூலம் அவளிடம் மன்னிப்புக் கேட்டுச் சொல்லி அனுப்பினேன். இப்போது வேறொரு படிப்பில் இருக்கின்றாள். அவளிடமிருந்து பதில் வந்தது: "ஹள்ரத்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் இனிமேல் யாருடைய மார்க்கையும் மைக்கில் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்."

எனவே இந்த ஆண்டு நம் பள்ளியில் மதிப்பெண் அறிவிப்பு இல்லை. சென்ற வாரமே சீட்டு எழுதித் தந்துவிட்ட பெற்றோர்கள், தொழுகை முடிந்ததும் அவற்றை என்னிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இந்த மஹல்லாவில் தேர்வெழுதிய எல்லாப் பிள்ளைகளுக்காகவும், பெயர் சொல்லாமல், எண் சொல்லாமல், இப்போது கையேந்துவோம்.

யா அல்லாஹ்! இந்தப் பிள்ளைகள் உன்னுடைய அமானிதம். அவர்களுடைய உறக்கத்தையும் உடல்நலத்தையும் காத்தருள்வாயாக. எந்த வாசலில் அவர்களுக்கு நன்மை இருக்கின்றதோ அந்த வாசலைத் திறந்தருள்வாயாக. திறக்காத வாசலின் முன் அவர்கள் நிற்கும்போது, அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் மனத்தைப் பெற்றோரான எங்களுக்குத் தந்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.